கால்மாட்டில் நிற்கிறவள்

எனக்குச் சும்மா நிற்க வராது. நடக்க வரும், ஓட வரும், நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்க்க வரும். நிற்பது மட்டும் வரவே வராது. கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் நானே போய் இலை போட ஆரம்பித்துவிடுவேன். துணிக்கடையில் பில் போடுகிற பெண் தடுமாறினால் கவுண்டருக்குள் எட்டி மடித்துக் கொடுப்பேன். சிக்னலில் காரை நிறுத்தினால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் முழங்காலில் கையை வைத்து அமுக்குவார். கையை எடுத்ததும் மறுபடி ஆடும்.

கணபதியில் எங்கள் அப்பாவுக்கு பம்புக்கு உதிரி செய்கிற சின்னப் பட்டறை இருந்தது. ஓடுகிற லேத் நின்றுவிட்டால் அவர் ஆளைக் கூப்பிட மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அடியில் புகுந்துவிடுவார். எங்கள் பக்கம் முதலாளி என்றாலே அப்படித்தான். கையில் கிரீஸ் ஒட்டாத முதலாளியை வேலைக்கு வருகிறவர்களே மதிக்க மாட்டார்கள். நான் பிரசவம் பார்க்கிற டாக்டரானேன். புத்தி அதே பட்டறைப் புத்திதான். ஒரு கேஸ் சிக்கலாகிறது என்றால் முதலில் என் கை உள்ளே போய்விடும். மற்றதெல்லாம் பிறகு.

பீளமேட்டில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. பெரிய இடமில்லை. பிரசவ அறைக்கு நான், ஒரு டூட்டி டாக்டர் பெண், மூன்று நான்கு சிஸ்டர்கள், ஓர் ஆயாம்மா. அந்தச் சிஸ்டர்களில் ஒருத்தி தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியிருப்பவள். விடிந்ததும் வழியில் யானை நிற்கிறதா என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுப்பாள். அப்படியும் எல்லோருக்கும் முன்னால் வந்திருப்பாள். ஒருநாள் டூட்டி முடிந்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், ரெண்டாவது தங்கியிருக்குதுங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே அவளுடைய முதல் பிரசவம் ஞாபகம் வந்தது. எங்களிடம் வேலைக்கு வருவதற்கு முன்னால், வேறோர் ஊரில், அவளுக்கு முதல் பிரசவம் ஆனது. குழந்தை பிறந்தபிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்து, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைத்தவள். முதல் தடவை அப்படி ஆனவளுக்கு இரண்டாம் தடவையும் ஆகலாம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எங்க பாத்துக்கறதா இருக்கறே?" என்றேன்.

"அதத்தாங்க கேக்க வந்தேன். இங்கயே பெத்துக்கோணும்னு ஆசைங்க. அல்லாரும் நம்மாளுக. ஆனா..."

"என்ன ஆனா?"

"நம்மாளுகள நாந்தான் தெனமும் பாக்கறேனுங்களே."

சுருக்கென்றது. அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மரியாதையாகத்தான் சொன்னாள். இத்தனை வருஷம் இந்தக் கையால் பிரசவம் பார்த்திருக்கிறேன், என்னிடமே வந்து சொல்கிறாளே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவள் அசையவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தோழி ஒருத்தி அங்கே நடக்கிற பயிற்சியைப் பற்றிச் சொன்னாளாம். நிஜமாக ஆபத்து வந்தால் என்ன செய்வோமோ அதை நடித்துப் பார்ப்பார்கள். யார் என்ன செய்கிறார்கள், யார் என்ன விட்டார்கள் என்று பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அதை இங்கே வைத்தால் தானும் பார்த்துவிட்டு ஒன்பதாம் மாதத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னாள். பரீட்சை எங்களுக்கு, மார்க் போடுவது அவள். நிர்வாகத்தில் கேட்டேன். வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டேன். சரி என்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பயிற்சியாளர் வந்தார். மயக்க மருந்து டாக்டர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவ்வளவு மெதுவாகப் பேசுவார், கேட்கும்போதே எனக்குப் பொறுமை போய்விடும். நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். யாரும் வாயைத் திறப்பதற்குள் அவள் கட்டிலில் ஏறிவிட்டாள். ஆயாம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாயும் வயிறுமா இருக்கற புள்ளைங்க. இந்தக் கூத்துக்கு வேற ஆள் கெடைக்கலீங்களா?"

"நான் படுத்துப் பாத்தாத்தான ஆயாம்மா எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

ஆயாம்மா முணுமுணுத்துக்கொண்டே ரத்தத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர் கொண்டுவந்தது. ஆரத்தி என்றால் திருஷ்டியும் போய்விடுமே, அந்தக் கணக்கு. அதை ஒரு பையில் ஊற்றிப் போர்வைக்கு அடியில் வைத்து, ஒரு குழாயை வெளியே விட்டார் பயிற்சியாளர். குழாயின் திருகு அவள் கையில். நாங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றினால் திருகை மூடலாம். தோன்றாவிட்டால் ஓடவிடலாம். இதுதான் விளையாட்டு.

ஆரம்பித்தோம். சிவப்புத் தண்ணீர் வழிந்தது. நான் கையுறையை மாட்டிக்கொண்டு, நடிப்புதான் என்றாலும், குனிந்து வயிற்றில் கையை வைத்துவிட்டேன். குனிந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், அந்த ஊசி கொஞ்சம் எடுங்க. யாராச்சும் பிளட் பேங்குக்குச் சொல்லீருங்க. டிரிப்ஸ் கொஞ்சம் வேகமா விடச் சொல்லுங்க." பின்னால் எல்லாரும் "சரிங்க மேடம்" என்றார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. கடைசியில் அவள் எழுந்து உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"செத்துட்டேனுங்க மேடம்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். பயிற்சியாளர் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். வீடியோ முழுக்க என் முதுகு. அகலமான, பச்சை அங்கி போட்ட முதுகு. அதைச் சுற்றி இத்தனை பேர் நின்று முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசி எடுக்க மூன்று பேர் ஒரே அலமாரிக்குப் போயிருக்கிறார்கள். ரத்தத்துக்கு யார் சொன்னது என்று அவர் கேட்டார். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

"சொல்லீருப்பாங்கன்னு நெனச்சேனுங்க."

யாரும் சொல்லவில்லை. சொல்லுவார்களா? எல்லாரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். மரியாதையாக, யாருக்கும் மனம் கோணாமல், காற்றைப் பார்த்து வேலை சொல்கிறேன். எங்கள் ஊரில் மூஞ்சியைப் பார்த்துப் பெயரைச் சொல்லி வேலை ஏவினால் அது அதிகாரம் பண்ணுவது. அப்பாகூடப் பட்டறையில் "ஏனுங்க, யாராச்சும் அந்த ஸ்பேனரை எடுத்துத் தாங்க" என்றுதான் கேட்பார். அங்கே ஸ்பேனர் தாமதமாக வந்தால் யாரும் சாக மாட்டார்கள்.

"மேடம், நீங்க லீடர். கைய வெக்கறது டூட்டி டாக்டர் பாத்துக்கட்டும். நீங்க கால்மாட்டுல நின்னு எல்லாத்தையும் பாருங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலையச் சொல்லுங்க. முடிஞ்சுதுன்னு திருப்பிச் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றார் பயிற்சியாளர்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கால்மாட்டில் போய் நின்றேன். டூட்டி டாக்டர் பெண் படிப்பை முடித்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவள் கையை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே அழுத்த வேண்டாமா? சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே எப்போது நகர்ந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவளை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னிக்கும் போயிட்டேனுங்க" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

அதற்கடுத்த வாரம் பயிற்சியாளர் கேண்டீனுக்குச் சொல்லியனுப்பி இரண்டு டம்ளர் காப்பி வரவழைத்தார். விளிம்பு வரை ஊற்றச் சொல்லியிருக்கிறார். மனுஷர் உபசாரம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கையில் ஒன்று, இந்தக் கையில் ஒன்று என்று இரண்டையும் என்னிடமே கொடுத்தார்.

"இத புடிச்சுட்டு நில்லுங்க மேடம். சிந்தக் கூடாது."

"எதுக்குங்க?"

"அப்பத்தான் கை சும்மா இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டையும் அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன். எம்.டி. படித்துவிட்டு, தலை நரைக்கிற வயசில், என் கீழே வேலை பார்க்கிறவர்கள் முன்னால் காப்பி டம்ளரோடு நிற்க வேண்டுமா? சுடுகிறது வேறு. சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. திருகைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நின்றேன். காப்பி சிந்தியது. விரல் சிவந்தது. வாயால் மட்டும் வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது. இதில் அவர்கள் பெயர்களை நான் எழுதவில்லை. ஆனால் அந்த அறையில் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியது.

வீட்டிலும் பழகினேன். என் வீட்டுக்காரர் தோசை ஊற்றும்போது நான் சமையலறை வாசலில் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிற்பேன். தோசை ஓரம் தூக்கிக்கொள்ளும். மனுஷர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உள்ளுக்குள் பரபரக்கும். பாய்ந்து போய்த் திருப்பிப் போட முடியாது.

"தோசைய இப்பத் திருப்பிப் போடுங்க" என்பேன்.

"ம்."

"திருப்பியாச்சான்னு சொல்லுங்க."

"நீ நிக்கறதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்குது. பேசாம வந்து சுட்டுக்கோ" என்பார். அந்த மாதம் நிறையத் தோசை கருகியது. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஆனாலும் திருகு மூடவில்லை. ஒருநாள் நேரத்துக்கு ரத்தம் கேட்டோம், மருந்து போட மறந்தோம். ஒருநாள் எல்லாம் செய்தோம், எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அவள் வயிறு ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வாரமும் சாவாள், எழுந்து உட்காருவாள், முகத்தைக் கழுவிக்கொண்டு டூட்டி பார்க்கப் போவாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பேசாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போ என்று ஒருநாள் கத்திவிட்டேன். நடைபாதையில் வைத்துத்தான் கத்தினேன். அவள் என்னை ஓரமாக, துணி வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"போன தடவ எனக்குப் பாத்த டாக்டரம்மா நல்லவங்கதானுங்க மேடம். கொறை சொல்ல மாட்டேன். அவங்க குனிஞ்சு என்னென்னமோ பண்ணீட்டே இருந்தாங்க. எனக்கு அவங்க கொண்டை மட்டுந்தான் தெரிஞ்சுது. சுத்தியும் அத்தன பேரு. அல்லாரும் கீழயே பாக்கறாங்க. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது, வாய் வரல. ஒருத்தராச்சும் என்ற மூஞ்சியப் பாக்க மாட்டாங்களான்னு இருந்துச்சுங்க."

நான் அங்கே இருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"நீங்க கை வெக்கலீன்னா பரவால்லீங்க. என்னயப் பாத்துட்டே நிப்பீங்களா?"

"நிப்பேன்" என்றேன்.

அந்த வாரம் கால்மாட்டில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் மற்றதும் கண்ணில் பட்டது. யார் சும்மா நிற்கிறார்கள், எந்தப் பாட்டில் தீர்ந்தது, எந்தச் சிஸ்டருக்கு நான் சொன்னது காதில் விழவில்லை. முடிந்தது என்று ஒவ்வொருத்தியும் திருப்பிச் சொல்கிறவரை விடாமல் கேட்டேன். தண்ணீர் நின்றது. கட்டிலில் இருந்தவள் திருகை மூடிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே பெத்துக்கறேனுங்க" என்றாள்.

பாஸாகிவிட்டோம் என்று மற்றவர்கள் கேண்டீனில் கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு இறங்கவில்லை. திருகு இருக்கிறவரை சரி. நிஜத்தில் திருகு யார் கையில் இருக்கிறது? அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். சித்தாபுதூரைத் தாண்டி என் வண்டி நெரிசலில் நின்றால் பிளட் பேங்கிலிருந்து வருகிறவனும் இப்படித்தானே நிற்பான் என்று தோன்றும். அவளைப் பார்க்கும் போதெல்லாம் வயிற்றைத்தான் பார்த்தேன்.

ஒரு மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அவள் மாமியார் அவளைக் காரில் கூட்டிவந்தார். உறுதியான உடம்பு, தோட்டத்தில் காய்த்த கை. கூட இருக்க ஓர் ஆளை உள்ளே விடுவது எங்கள் வழக்கம். மாமியாரே இருந்தார். பிரசவத்தை டூட்டி டாக்டர் பெண்ணே பார்த்தாள், சுலபமாகத்தான் ஆனது. பெண் குழந்தை. அழுதாள், நல்ல எடை. ரத்தம் வராமல் தடுக்கிற ஊசியும் உடனே போட்டோம். "நல்லபடியா ஆச்சுங்க" என்று ஆயாம்மா சொல்லி வாய் மூடவில்லை.

ரத்தம் வர ஆரம்பித்தது. முதலில் வழக்கமானதுதான் என்று நினைக்கிற அளவு. பிறகு நினைக்க முடியாத அளவு. டூட்டி டாக்டர் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கால் தானாக ஓரடி முன்னால் போய்விட்டது. நிறுத்தினேன். கால்மாட்டுக்குப் போனேன். அங்கே கட்டில் கம்பி இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பெயர் சொல்லிச் சொன்னேன். ஒருத்தியிடம் ரத்தம். "சொல்லியாச்சுங்க மேடம், அனுப்பறாங்க." இன்னொருத்தியிடம் மருந்து. "டிரிப்ஸ்ல போட்டாச்சுங்க." மூன்றாமவளிடம் ரத்தம் ஏற்றுவதற்கு இடது கையில் இன்னோர் ஊசி போடச் சொன்னேன். நரம்பு கிடைக்கவில்லை என்றாள். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். டூட்டி டாக்டர் பெண்ணிடம் கர்ப்பப்பையை அழுத்தச் சொன்னேன். ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேலே, நடுவில் கர்ப்பப்பை. அதைத்தான் ஆயிரம் தடவை என் கையால் செய்திருக்கிறேன். அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி அணைத்தபடி சுவரோடு ஒண்டி நின்றார். படுத்திருந்தவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ரத்தம் நிற்கவில்லை.

"மேடம், எனக்குக் கை மரத்துப்போச்சு. முடியல. நீங்க வாங்களேன்" என்றாள் டூட்டி டாக்டர் பெண். அழுகிற குரல்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். கை துடித்தது. போய்விடலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள், அவளே கூப்பிடுகிறாள். கம்பியை விட்டுவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். அப்போது கட்டிலில் இருந்தவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் கண் மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது.

"இன்னும் சித்த நேரம், கண்ணு. விடாதே. நல்லாத்தான் புடிச்சிருக்கறே" என்றேன் டூட்டி டாக்டர் பெண்ணிடம்.

மருந்து கொடுத்தும் ஏன் ரத்தம் நிற்காமல் இப்படிப் போகிறது? தலையை நிமிர்த்திப் பாட்டிலைப் பார்த்தேன். பாட்டில் நிறைய இருந்தது. வேகமாக விட்ட மருந்து அதற்குள் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். சொட்டு விழுகிற இடத்தைப் பார்த்தேன். விழுந்தது, நின்றது. பி.பி. மெஷின் உர்ரென்றது. அப்போதுதான் பார்த்தேன். இடது கையில் ஊசிக்கு இடம் வேண்டுமென்று பி.பி. பட்டையைக் கழற்றி வலது கையில் கட்டியிருக்கிறார்கள். வலது கையில்தான் டிரிப்ஸ் ஓடுகிறது. மெஷினை அடிக்கடி தானாகவே பி.பி. பார்க்கும்படி வைத்திருந்தோம். அது ஊதி இறுக்குகிற போதெல்லாம் மருந்து உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. அவசரத்தில் எல்லோர் கையும் அந்தக் கையின் மேல்தான் இருந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. குனிந்திருந்தால் என் கண்ணிலும் பட்டிருக்காது.

"பட்டைய அவுத்துக் கால்ல கட்டு. இப்பவே. கட்டினதும் சொல்லு" என்றேன். பெயர் சொல்லித்தான். 'ங்க' போடவில்லை.

"கட்டியாச்சுங்க மேடம்."

சொட்டு தாரையாக ஓட ஆரம்பித்தது. அடுத்த மருந்தையும் கொடுக்கச் சொன்னேன். ரத்தப் பை வந்து சேர்ந்தது. இடது கையிலும் ஊசி ஏறியது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. டூட்டி டாக்டர் பெண் திடீரென்று நிமிர்ந்தாள்.

"மேடம், சுருங்குது. கல்லு மாதிரி ஆகுதுங்க மேடம்."

யாரும் கைதட்டவில்லை. ஆயாம்மா தரையில் உட்கார்ந்துவிட்டது. படுத்திருந்தவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இருக்கறேனுங்க மேடம்."

நான் வெளியே வந்து கை கழுவுகிற இடத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். கழுவுவதற்கு என் கையில் ஒன்றுமே இல்லை. கையுறைகூட மாட்டவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பிரசவ அறையிலிருந்து நான் சுத்தமான கையோடு வெளியே வந்தது அன்றைக்குத்தான். விரல்கள் மட்டும் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று மாமியார் ஒரு கோணி நிறையத் தேங்காயோடு வந்தார். எல்லாம் அவர்கள் தோப்புக் காய். வார்டு நடுவில் கோணியை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். ரத்தத்துக்குச் சொன்னவளுக்கு, மருந்து போட்டவளுக்கு, பட்டையை மாற்றியவளுக்கு. டூட்டி டாக்டர் பெண்ணுக்கு இரண்டு கையிலும் கொள்ளாமல் கொடுத்தார். ஆயாம்மாவுக்கு ஒரு பை தனியாக. யார் பெயரும் அவருக்குத் தடுமாறவில்லை.

"எல்லார் பேரும் எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கு நீங்கதான அம்மணி, ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தீங்க. மறக்குமுங்களா?"

கோணி காலியாகிவிட்டது. எனக்கு ஒன்று கூட இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி முகம் சுண்டிப்போனதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு தேங்காய்க்கு இவ்வளவா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.  அப்போது அவர் என் பக்கத்தில் வந்தார். என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். புரட்டிப் பார்த்தார். விரலை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். குரலைத் தணித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, கையில ஏதாச்சும் நோவுங்களா? அன்னிக்கு அத்தன நேரமும் ஒண்ணுமே செய்ய முடியாம கம்பியப் புடிச்சுட்டே நின்னீங்களே. பாக்கறதுக்கு எனக்கு மனசே கேக்கலீங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்த மருமகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் விளக்கலாம். கால்மாடு, லீடர், இரண்டு டம்ளர் காப்பி. வாய் வரை வந்தது.

"ஆமாங்க. கொஞ்சம் வலி" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார். மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "நம்ம தோப்புத் தேங்காய ஆட்டின எண்ணெய். பொழுதோட சித்த சூடு பண்ணித் தேச்சுக்குங்க. சரியாப் போயிரும்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொடுத்தார். சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டேன். கால் ஆடவில்லை. கை நிஜமாகவே வலித்தது.